நாலு மீட்டர் காணவில்லை

செவ்வாய், காலை 5.50.

மைதானத்தில் ஏறக்குறைய நாலு மீட்டர் காணாமல் போயிருந்தது.

பூட்டு உடையவில்லை. சுவர் இடியவில்லை. கோல் கம்பம், தண்ணீர்த் தொட்டி, துருப்பிடித்த ஊஞ்சல் எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. வாசல் கம்பிக் கதவில் ஒட்டியிருந்த தாள்தான் சேதியைச் சொன்னது. சொன்னதோடு நிற்காமல் குற்றவாளியையும் கை காட்டியது.

"பொது விளையாட்டிட மேம்பாட்டுக் கொள்கை, பிரிவு 7. மைதானம் முழுவதும் செம்மண் பரப்பி, புதுக்கோடு இட்டபின், ஓடுபாதை திங்கள் மாலை அளக்கப்பட்டது. முதல் அளவு 196.23 மீட்டர். இரண்டாம் அளவு 196.23 மீட்டர். தேவை 200 மீட்டர். கோடு இடும் பணியாளரின் நெடுநாள் பிழையே இக்குறைக்குக் காரணம். எனவே இவ்விடம் வாகன நிறுத்தக் கட்டடத்துக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. ஆட்சேபம் இருப்பின் இன்று பிற்பகல் 3 மணி மன்றக் கூட்டத்தில் தெரிவிக்கலாம்."

அந்தப் பணியாளர் அதை இரண்டு தடவை படித்தாள். நாற்பத்து நாலு வயது. முழங்கை வரை சுண்ணாம்பு. ஒன்பது வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் இந்த மைதானத்தில் கோடு போடுகிறவள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் சொந்தப் பேர் தெரியாது. கோட்டக்கா என்றால் தெரியும்.

நகராட்சியின் புதுக் கொள்கை நாற்பது பக்கம். மைதானத்துக்கு வருகிறவர்கள் அதை ஒரே வரியில் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள்: இருநூறு மீட்டர் ஓடுபாதை இருந்தால் மைதானம் மைதானமாகவே இருக்கும், விளக்கும் கழிப்பறையும் வரும், ஒரு சாண் குறைந்தாலும் கார் கொட்டகை.

6.05-க்குள் கதவுக்கு முன்னால் முப்பது பேர் கூடிவிட்டார்கள். பெரும்பாலும் பெண்கள். வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில் கிடைக்கும் முக்கால் மணி நேரத்தை இங்கே ஓடித் தீர்க்கிறவர்கள்.

"கோட்டக்கா, இப்பவே கோட்டைச் சரியா போட்டுட்டா என்ன?" என்றாள் ஒருத்தி.

"போட்டா, நான்தான் தப்பு பண்ணினேன்னு நானே சுண்ணாம்புல எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும்."

"அப்ப என்னதான் பண்றது?"

"ஓடுங்க. தாள் ஒட்டினதுக்காக யாரும் நிக்க வேண்டாம். மூணு மணி வரைக்கும் இது மைதானம்தான்."

அவள் தாளைக் கிழிக்கவில்லை. பசை காய்வதற்குள் பக்குவமாக உரித்து, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

காலை 6.20.

கூட்டத்தில் ஓடாமல் நின்றது ஒருத்திதான். அரசு மருத்துவமனை நர்ஸ். பட்டப்பெயர் ரயிலு. ஓட ஆரம்பித்தால் நடுவில் எங்கேயும் நிற்கமாட்டாள் என்பதால் வந்த பெயர்.

"எனக்கு மட்டும் நேரமே சரியில்ல பாருக்கா. போன சனிக்கிழமையிலேருந்து ஒரு சுத்துக்கு அரை செகண்டு குறைஞ்சிருக்கு. முப்பத்தொரு வயசுல திடீர்னு வேகம் வந்துடுச்சேன்னு வீட்டுல பாயசம் எல்லாம் வச்சேன்."

"அரை செகண்டா? நாலு மீட்டர் குறைஞ்சா ஒரு செகண்டுக்கு மேல குறையணுமே?"

"அரைதான்க்கா. நம்ம கடிகாரம் பொய் சொல்லாது. அப்புறம் இன்னொண்ணு. தொட்டிப் பக்கத் திருப்பம் கொஞ்சம் இறுக்குது. வாசல் பக்கம் ஒண்ணும் தெரியல."

கோட்டக்கா வாலிபால் களத்துக்கு வைத்திருந்த அளவு நாடாவை எடுத்து வந்தாள். உள்கோட்டிலிருந்து ஒரு சாண் வெளியே தள்ளிப் பிடிக்க வேண்டும். ஓடுகிற கால் கோட்டின் மேலேயா விழுகிறது? இருவரும் குனிந்து, முளை அடித்து, அங்குலம் அங்குலமாக ஒரு சுற்று அளந்தார்கள்.

198.12.

இன்னொரு தடவை அளந்தார்கள்.

198.15.

ரயிலு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "குறைச்சல்தான்க்கா. அவங்க சொன்னது நிஜம்தான் போல."

"குறைச்சல் நிஜம். அவங்க சொன்னது நிஜமான்னு இன்னும் தெரியல."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"உன் ஆஸ்பத்திரியில ஜுரம் நூத்தி ஒண்ணு இருக்கிறவனுக்கு நூத்தி நாலுன்னு சீட்டெழுதினா ரெண்டும் ஒண்ணா?"

நாடா முழுக்க வெள்ளையாகிக் கிடந்தது. சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி இழுத்தால் அப்படித்தான் ஆகும்.

காலை 7.10.

பொருள் அறை. ஆறடிக்கு எட்டடி. பந்து மூட்டை, வலை, சுண்ணாம்பு வண்டி. ஆணியில் ஒரு பலகை. பலகையில் சுற்றிய எஃகுக் கம்பி.

அந்தக் கம்பிதான் மைதானத்தின் உயிர். இரண்டு முனையிலும் வளையம். ஒரு வளையத்தைத் தரையில் புதைத்த இரும்பு முளையில் மாட்டி, மறு வளையத்தைச் சுண்ணாம்பு வண்டியில் மாட்டி, இறுக்கமாக இழுத்தபடி நடந்தால் திருப்பம் தானாக விழும். பிறகு இரண்டு திருப்பங்களின் முனைகளையும் கயிறு கட்டி இணைத்தால் நேர்ப்பாதை. கம்பி சரியாக இருந்தால் மைதானம் சரி.

கோட்டக்கா பலகையை மடியில் வைத்துக்கொண்டு கம்பியைப் பிரித்தாள். பிரிக்கப் பிரிக்க எண்ணினாள்.

"இருபத்தஞ்சு."

ஒன்பது வருஷமாக இருபத்தாறு சுற்று. ஒரு சுற்று என்பது அறுபது சென்டிமீட்டர்.

கடைசி வளையத்தைத் திருப்பிப் பார்த்தாள். புது வளையம். கவ்வி பழையது, கம்பியின் வெட்டு வாய் மட்டும் கண்ணாடி மாதிரி மின்னியது. ஒரு முழுச் சுற்றை வெட்டி எடுத்ததால் வளையம் எப்போதும் வருகிற பக்கத்திலேயே வந்து, எப்போதும் மாட்டுகிற ஆணியிலேயே மாட்டியிருக்கிறது. அரைச் சுற்று வெட்டியிருந்தால் அன்றைக்கே கைக்குத் தெரிந்திருக்கும்.

வெட்டியவனுக்கு மூளை இருந்தது. அவளுக்குக் கோபத்தோடு கொஞ்சம் மரியாதையும் வந்தது.

வாட்ச்மேன் தேநீர்க் குவளையோடு வாசலில் நின்றார். இந்த அறைக்கு இரண்டு சாவி. ஒன்று இவளிடம், ஒன்று அவரிடம்.

"அண்ணா, கம்பியை யாராவது தொட்டாங்களா?"

"இங்க யாரு தொடப்போறா? பந்தைத் தூக்கிட்டுப் போவான், கம்பிய எவன் தூக்குவான்?"

"யோசிச்சுச் சொல்லுங்க."

"ஆங். போன புதன்கிழமை சாமான் எல்லாத்தையும் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போனாங்களே. நம்பர் அடிக்கிறதுக்கு. வியாழன் சாயந்திரம் திரும்பி வந்துச்சு."

பலகையின் மூலையில் ஒரு தகர வில்லை தொங்கியது. எண் 31.

"அங்க யார் கையில இருந்துச்சு?"

"விளையாட்டு அலுவலர் ரூம்லதான் எல்லாத்தையும் இறக்கினேன். நம்பர் அடிக்கிற மெஷின் உதவிப் பொறியாளர் ரூம்ல இருக்கு. ரெண்டு பேரு கையிலயும் மாறி மாறித்தான் போயிருக்கும்."

"நேத்து சாயந்திரம் அளக்க யார் வந்தது?"

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "யாரும் வந்த மாதிரி தெரியல. ஆனா நான் சொன்னா எவன் நம்புவான்? போன மாசம்தான் தூங்குறேன்னு மெமோ கொடுத்திருக்காங்க."

"தூங்குனீங்களா?"

"மெமோ கொடுத்தன்னைக்குத் தூங்குனேன். நேத்து தூங்கல."

அவர் காலால் தரையைத் தட்டினார். வாசல் பக்கத் தரை பழைய சாம்பல் நிறத்திலேயே கிடந்தது. "மண்ணு கதை மாதிரிதான் இந்த அளவும். நாலு லோடுன்னு பேப்பர்ல எழுதிட்டு மூணு லோடுதான் வந்துச்சு. நேர்ப்பாதையும் தொட்டிப் பக்கமும் சிவப்பு, வாசல் பக்கம் மொட்டை. கேட்டா நாளைக்குங்கறான்."

"நல்லதுக்குத்தான் அண்ணா. இங்க பழைய கோடு அழியாம இருந்ததால வெள்ளிக்கிழமை எனக்குப் பாதி வேலை மிச்சம். வண்டியை அதும் மேலயே தள்ளிட்டுப் போயிட்டேன்."

சொல்லிவிட்டு அவள் சட்டென்று நின்றாள். இடுப்பிலிருந்த தாளை எடுத்து மறுபடி படித்தாள். பிறகு தாளை மடித்தபோது அவள் முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஒரு நிதானம் வந்திருந்தது.

காலை 9.40.

உதவிப் பொறியாளரின் அறை. அறிக்கையின் அடியில் கையெழுத்து இவருடையது. ஊழியர்கள் வைத்த பெயர் கடுகடு. முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன?"

"அளந்தது பத்திக் கேக்கணும் சார்."

"அளந்தாச்சு."

"யாரு அளந்தது?"

"அளந்தாச்சுன்னு சொன்னேன்ல."

"நீங்க குனிஞ்சு அளந்தீங்களா?"

அவர் தைல டப்பாவை மூடினார். "இந்த முட்டிய வச்சுக்கிட்டு நான் மாடிப்படியே ஏற முடியல. கையெழுத்து போட்டேன். அதுக்கு நான் பொறுப்பு. போதுமா?"

"உங்களுக்கு அந்த மைதானம் போறதுல சந்தோஷமா சார்?"

"சந்தோஷம்தான்மா. எதிர்வீடு என்னுது. உங்க பந்து என் கார் கண்ணாடியை மூணு தடவை உடைச்சிருக்கு. பந்தைத் திருப்பிக் கேக்க வர்றவங்க மன்னிப்புக் கேட்டதில்ல."

"பந்தைத் திருப்பிக் கொடுத்தீங்களா?"

"ஒண்ணு கொடுத்தேன்."

"மீதி ரெண்டு?"

கடுகடு அலமாரியைப் பார்த்தார். மேல்தட்டில் இரண்டு பந்துகள் தூசி படிந்து உட்கார்ந்திருந்தன. அதற்குப் பக்கத்தில் அலுவலகத்தின் ஐம்பது மீட்டர் அளவு நாடா.

"அதைக் கொஞ்சம் பாக்கலாமா?"

"பாரு. தின்னுடாதே."

கோட்டக்கா நாடாவை ஒரு முழம் இழுத்தாள். இன்னும் இரண்டு முழம் இழுத்தாள். மஞ்சள் நிறம், கருப்பு எண்கள், பளிச்சென்று. விரலைத் தேய்த்து முகர்ந்தாள். சுண்ணாம்பு இல்லை, செம்மண் இல்லை.

"இது தவிர வேற நாடா இருக்கா சார்?"

"இது ஒண்ணுதான். இதை வாங்கவே ரெண்டு வருஷம் ஆச்சு."

காலை 11.00.

விளையாட்டு அலுவலர் எழுந்து நின்று வரவேற்றார். நாற்காலி போட்டார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். கழுத்தில் விசில், காலில் பால் மாதிரி வெள்ளை ஷூ. அந்த விசிலை அவர் ஊதி யாரும் கேட்டதில்லை.

"மனசு உடைஞ்சு போச்சும்மா. இந்தக் கொள்கையை எழுதினதே நான்தான். உங்க மைதானம் தப்பிச்சுடும்னு நினைச்சேன்."

"நீங்க அளந்தீங்களா சார்?"

"நானேதான். பொறியாளருக்கு முட்டி வலி. குனிஞ்சு, நிமிர்ந்து, ஒண்ணுக்கு ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் அதே நூத்தித் தொண்ணூத்தாறு புள்ளி ரெண்டு மூணு. நான் என்ன பண்ணட்டும்?"

"நேத்து சாயந்திரமா?"

"நாலரை மணிக்கு."

சுவரில் பெரிய வரைபடம். ஐந்து மாடிக்குக் கார்கள். ஆறாவது மாடியில் உள்ளரங்கம், 'உறுப்பினர்களுக்கு மட்டும்'. ஓரத்தில் ஒரு சதுரம், 'இயக்குநர் அறை'. அதற்குள் பென்சிலில் ஒரு மேசையும் சாய்வு நாற்காலியும் வரைந்திருந்தது. யாரோ ஆசை ஆசையாக உட்கார்ந்து வரைந்திருக்க வேண்டும்.

அவள் பார்வை அங்கிருந்து ஜன்னலுக்குப் போனது. ஜன்னல் தாழ்ப்பாள் உடைந்திருந்தது. காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்கக் கதவை ஒரு துண்டுக் கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். கம்பியின் முனையில் வெள்ளையாக என்னவோ காய்ந்து ஒட்டியிருந்தது. காக்கை எச்சமாகக்கூட இருக்கலாம்.

அலுவலர் ஒரு தாளை முன்னால் நகர்த்தினார்.

"இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க. 'அறியாமல் நேர்ந்த பிழை'ன்னு எழுதியிருக்கேன். நடவடிக்கை வராம நான் பாத்துக்கறேன். புதுக் கட்டடத்துலயே உங்களுக்கு ஒரு வேலையும் போட்டுத் தர்றேன். கூட்டிப் பெருக்கறதுன்னாலும் வேலைதானே?"

"கோடு போடுற வேலை இருக்காதா சார்?"

"கார் நிறுத்தறதுக்கும் கோடு வேணும்மா." அவர் சிரித்தார்.

கோட்டக்கா பேனாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். மறுபடி மூடி, அவர் சட்டைப் பையிலேயே செருகினாள்.

"ஒன்பது வருஷத்துல நான் போட்ட ஒரு கோட்டையும் அழிக்கச் சொன்னவங்க கிடையாது. நீங்க முதல் ஆளா இருக்க வேண்டாம் சார். மூணு மணிக்குப் பாக்கலாம்."

"கையெழுத்து போடலைன்னா வேலை போயிடும். புரியுதா?"

"புரியுது. போட்டா மைதானமே போயிடும். அதுக்காகத்தான் போடல."

வெளியே வந்தவள் தாழ்வாரத்தில் கடைநிலை ஊழியரிடம் இரண்டு நிமிஷம் ஏதோ விசாரித்தாள். அவர் ஜன்னல் பக்கம் கை காட்டினார். பிறகு குப்பைக்கூடையைக் காட்டினார்.

பிற்பகல் 3.00.

மன்றக் கூடம். உறுப்பினர்கள் இருபது பேர். பின் பெஞ்சுகளில் மைதானத்துப் பெண்கள், வேலைக்கு அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, ஓடுகிற செருப்போடு. ரயிலு நர்ஸ் உடையிலேயே வந்திருந்தாள். வாட்ச்மேன் ஓரமாக, கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

நடு நாற்காலியில் நகராட்சித் தலைவர் அம்மா. அரசியலுக்கு வருமுன் முப்பது வருஷம் தையல் கடை நடத்தியவர். இன்னமும் யாரைப் பார்த்தாலும் முதலில் தோள் அளவைத்தான் பார்ப்பார் என்று கேலி செய்வார்கள்.

"பொருள் ஒன்பது. மைதானத்துல வாகன நிறுத்தக் கட்டடம். ஆட்சேபம் யாருக்காவது?"

"எனக்கு." கோட்டக்கா எழுந்தாள். கையில் பலகை.

"கம்பியோட வந்திருக்கீங்க. யாரைக் கட்டப் போறீங்க?"

கூடம் சிரித்தது.

"இன்னும் முடிவு பண்ணலம்மா. முதல்ல ஒரு கேள்வி. அளந்தது யாரு?"

விளையாட்டு அலுவலர் எழுந்தார். "நான். இரண்டு முறை. அறிக்கையில் இருக்கிறது."

"ரெண்டு தடவையும் 196.23?"

"ஆமாம்."

"ஒரு சென்டிமீட்டர்கூட மாறலையா?"

"நான் கவனமாக அளப்பவன்."

கோட்டக்கா தலைவர் அம்மாவைப் பார்த்தாள். "அம்மா, நீங்க டேப் பிடிச்சவங்க. சொல்லுங்க."

தலைவர் அம்மா மூக்குக் கண்ணாடியை இறக்கினார். "ஒரே சட்டைக்கு ஒரே ஆளை ரெண்டு தடவை அளந்தா ஒரு நூலாவது மாறும். இருநூறு மீட்டர் வளைஞ்சு வளைஞ்சு அளந்து ஒரு புள்ளிகூட மாறலைன்னா..."

"நாங்களும் இன்னைக்குக் காலைல ரெண்டு தடவை அளந்தோம்மா. முதல்ல 198.12. அப்புறம் 198.15. அளந்தா அப்படித்தான் வரும். கணக்கு போட்டாத்தான் ரெண்டு தடவையும் ஒரே விடை வரும்."

அலுவலர் கையைத் தட்டினார். "கேட்டீர்களா? அவரே ஒப்புக்கொள்கிறார்! நூற்றுத் தொண்ணூற்றெட்டோ, தொண்ணூற்றாறோ, இருநூறுக்குக் குறைவுதானே? பிரிவு ஏழு தெளிவாக இருக்கிறது. தீர்மானத்தை நிறைவேற்றலாம்."

பின் பெஞ்சு சலசலத்தது. இரண்டு உறுப்பினர்கள் கையைத் தூக்கவே ஆரம்பித்துவிட்டார்கள்.

"கையை இறக்குங்க," என்றாள் கோட்டக்கா. அந்தக் கூடத்தில் தினக்கூலி ஆள் ஒருத்தர் உறுப்பினர்களைப் பார்த்து அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. கைகள் இறங்கின.

"குறைச்சல் இருக்கு. இல்லைன்னு சொல்ல நான் வரல. ஏன் குறைஞ்சதுன்னு சொல்ல வந்தேன். இந்தக் கம்பி இருபத்தாறு சுத்து இருக்கணும். இப்ப இருபத்தஞ்சுதான். புதன்கிழமை ஆபீசுக்குப் போச்சு, வியாழக்கிழமை வந்துச்சு. நடுவுல ஒரு சுத்து, அறுபது சென்டிமீட்டர், வெட்டியிருக்காங்க. மறுநாள் அதை வச்சுத்தான் நான் கோடு போட்டேன். தெரியாமத்தான். அது என் தப்பு."

"யார் வேண்டுமானாலும் வெட்டியிருக்கலாமே," என்றார் அலுவலர். "அறைச் சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது. பொறியாளர் அறையிலும் கம்பி இருந்தது. ஏன், இவரே வெட்டிவிட்டு இப்போது நாடகம் ஆடலாம்."

"ஆடலாம். அதுக்குத்தான் உங்க நம்பர் வேணும் சார்." அவள் திரும்பினாள். "ரயிலு, கணக்கைச் சொல்லு."

ரயிலு எழுந்தாள். "கம்பி அறுபது சென்டிமீட்டர் குறைஞ்சா, அரை வட்டத் திருப்பம் ஒண்ணுக்கு ஒரு மீட்டர் எண்பத்தெட்டு சொச்சம் குறையும். ரெண்டு திருப்பத்துக்கும் சேர்த்து மூணு மீட்டர் எழுபத்தேழு. இருநூறுல கழிச்சா 196.23. சுத்தமா அதே நம்பர்."

"அப்படியானால் என் அளவு சரிதானே!" அலுவலர் குரலில் வெற்றி.

"கணக்குச் சரி சார். மைதானம்தான் வேற." கோட்டக்கா மெதுவாகச் சொன்னாள். "நாலு லோடு மண்ணுன்னு நீங்க எழுதிக் கொடுத்தீங்க. 'மைதானம் முழுவதும் பரப்பியாச்சு'ன்னு இந்தத் தாள்லயும் இருக்கு. வந்தது மூணு லோடுதான். வாசல் பக்கத் திருப்பத்துல மண்ணு விழவே இல்ல. அங்க என் பழைய கோடு அப்படியே இருந்துச்சு. அதனால அந்தப் பக்கம் நான் கம்பியைத் தொடவே இல்ல. பழைய கோட்டு மேலயே வண்டியைத் தள்ளிட்டுப் போயிட்டேன். வெட்டின கம்பி விழுந்தது ஒரே ஒரு திருப்பத்துல. அதனாலதான் 198. அதனாலதான் இவளுக்கு அரை செகண்டு. அதனாலதான் தொட்டிப் பக்கம் மட்டும் இறுக்கிச்சு."

அவள் தாளை மேசைமேல் விரித்து எண்ணின்மேல் விரலை வைத்தாள்.

"இந்த 196.23 மைதானத்துல எங்கேயும் இல்லம்மா. எந்த நாடாவை வச்சு அளந்தாலும் கிடைக்காது. அது ஒரே ஒரு ஆளோட தலைக்குள்ளதான் இருக்க முடியும். கம்பியில ஒரு சுத்து குறைஞ்சது தெரிஞ்சு, ரெண்டு திருப்பமும் அதாலதான் போட்டிருப்பாங்கன்னு நம்பி, ஒரு நாள்கூட மைதானத்துக்குள்ள வந்து பாக்காத ஆளு. நம்பரை அறிக்கையில போட்டது யாரோ, கம்பியை வெட்டினதும் அவர்தான்."

தலைவர் அம்மா பொறியாளர் பக்கம் திரும்பினார். "கையெழுத்து உங்களுது."

கடுகடு முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. "நம்பர் என்னுது இல்லம்மா. ஒரு துண்டுச் சீட்டுல எழுதி அனுப்பிச்சார். நம்பிக் கையெழுத்து போட்டேன். நாடா என் அலமாரியை விட்டு இறங்கவே இல்ல. இந்தம்மா வந்து இழுத்துப் பாத்தப்பதான் எனக்கே உறைச்சுது. எனக்கு அந்த மைதானம் பிடிக்காதுதான். ஆனா நான் திருடன் இல்ல."

"இது வெறும் அனுமானம்!" அலுவலர் விசிலைப் பற்றிக்கொண்டார். "ஆதாரம் எங்கே?"

"உங்க ஜன்னல்ல," என்றாள் கோட்டக்கா.

கடைநிலை ஊழியர் போய் ஜன்னலை அவிழ்த்துக் கம்பித் துண்டைக் கொண்டு வந்தார். கூசிக்கொண்டே சொன்னார்: "போன வியாழக்கிழமை ஐயாவோட குப்பைக்கூடையில கிடந்துச்சும்மா. நல்ல கம்பியா இருக்கேன்னு எடுத்து நான்தான் கட்டினேன். ஐயா கவனிக்கல."

துண்டின் ஒரு முனையில் பழைய வளையம். வளைவுக்குள் ஒன்பது வருஷச் சுண்ணாம்பு கல்லாக இறுகியிருந்தது. மறுமுனை கண்ணாடி மாதிரி மின்னியது. கோட்டக்கா அதைப் பலகையில் வைத்து வளைத்தாள்.

சரியாக ஒரு சுற்று.

பின் பெஞ்சில் யாரோ விசிலடித்தார்கள். அலுவலர் தன் விசிலைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"ஏன்யா?" என்று கேட்டார் தலைவர் அம்மா. "கொள்கையை எழுதினதே நீ."

அவருக்குப் பதிலாகக் கோட்டக்கா சொன்னாள்: "ஆறாவது மாடியில இயக்குநர் அறைன்னு ஒரு சதுரம் இருக்கும்மா. தனக்குன்னு மேசை நாற்காலி எல்லாம் போட்டு வச்சிருக்கார். ஜன்னல்தான் வரையல. போட்டிருந்தா அந்தச் சாக்குலயாவது மைதானத்தை ஒரு தடவை வந்து பாத்திருப்பார்."

பொருள் ஒன்பது தள்ளுபடி. விளையாட்டு அலுவலர் பணியிடை நீக்கம். காவல் நிலையத்துக்குப் புகார். ஓடுபாதையை இன்றே மறுபடி அளக்க வேண்டும், மன்றத்தின் முன்னிலையில்.

"ஒரு திருத்தம் வேணும்மா," என்றாள் கோட்டக்கா.

"இன்னும் என்ன?"

"பிரிவு ஏழுல ஒரு வரி சேக்கணும். அளக்கிறவங்க மைதானத்துக்கு வரணும்."

தலைவர் அம்மா எழுத்தரைப் பார்த்தார். "எழுதிக்கோங்க. சிரிக்காதீங்க, எழுதிக்கோங்க."

மாலை 5.30.

இருபது உறுப்பினர்களும் செம்மண்ணில் நின்றார்கள். அதில் பாதிப் பேருக்கு இந்த மைதானத்தின் வாசல் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதே இன்றுதான் தெரிந்தது. புதுக் கம்பி, இருபத்தாறு சுற்று. தலைவர் அம்மாவே டேப் பிடித்து அதை அளந்து ஒப்புக்கொண்டிருந்தார். கோட்டக்கா தொட்டிப் பக்கத்து முளையில் வளையத்தை மாட்டி, இறுக்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஈரமில்லாத வெள்ளை வளைந்து வளைந்து வந்தது. பிறகு கயிறு கட்டி நேர்ப்பாதை இரண்டையும் போட்டாள்.

கடுகடு வலிக்கிற முட்டியோடு குனிந்து நாடாவின் நுனியைப் பிடித்தார். வேறு யாரையும் பிடிக்க விடவில்லை. கக்கத்தில் இரண்டு பழைய பந்துகள் இருந்தன. வாட்ச்மேன் கேட்காமலேயே வந்து வாங்கிக்கொண்டார்.

முதல் அளவு: 200.01.

இரண்டாம் அளவு: 200.04.

"மாறுது பாருங்க," என்றார் தலைவர் அம்மா திருப்தியாக. "இதுதான் அளவு."

நாடா தலை முதல் கால் வரை வெள்ளையாகிக் கிடந்தது.

ரயிலு செருப்பை இறுக்கிக்கொண்டு கடிகாரத்தை அழுத்தினாள். வாசல் பக்கத் திருப்பம், நேர்ப்பாதை, தொட்டிப் பக்கத் திருப்பம், நேர்ப்பாதை. மூச்சிரைக்க வந்து நின்று மணிக்கட்டைப் பார்த்தாள்.

"போச்சுக்கா. அரை செகண்டு போச்சு. பழையபடி மெதுவாயிட்டேன்."

"வருத்தமா?"

"பாயசத்தைத்தான் திருப்பித் தர முடியாது."

கோட்டக்கா இடுப்பிலிருந்த தாளை எடுத்தாள். காலையில் உரித்த அதே தாள். வாசலுக்குப் போய், கம்பிக் கதவில் அதே இடத்தில் மறுபடி ஒட்டினாள். சுண்ணாம்பு விரலால் 196.23-க்கு மேல் ஒரு கோடு போட்டாள்.

ஒரே கோடு. நேர்க்கோடு.